எண்ணிக்கை பொருந்துகிறது, தரவு பொருந்துகிறதா?

தரவுத்தள இடமாற்றம் முடிந்த மறுநாள் காலையில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எல்லாம் வந்துவிட்டதா?” பழைய தளத்தில் 4 கோடிப் பதிவுகள், புதிய தளத்திலும் 4 கோடிப் பதிவுகள் என்று காட்டினால் கேட்டவர் நிம்மதியாகப் போய்விடுவார். இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் எண்ணிக்கை பொருந்துவதை வெற்றி என்றே நினைத்தேன். ஒரு பதிவு விடுபட்டு, இன்னொன்று இரண்டு முறை ஏறியிருந்தாலும் அதே எண்ணிக்கைதான் வரும் என்பதைப் பிறகு கண்ணெதிரே பார்த்தேன்.

எண்ணிக்கையோடு தொகையையும் கூட்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். இது பழைய உத்தி. துளை அட்டைக் காலத்திலேயே பணத் தொகைகளோடு கணக்கு எண்களையும் சேர்த்துக் கூட்டி வைக்கும் வழக்கம் இருந்தது. கணக்கு எண்களின் கூட்டுத்தொகைக்குத் தனியாக எந்தப் பொருளும் கிடையாது. ஆனால் ஓர் அட்டை தொலைந்தால் அந்தத் தொகை மாறிவிடும். முதல் சல்லடையாக இதைவிட மலிவான வழி இன்றைக்கும் இல்லை. ஆனால் இது ஒருபக்கச் சாட்சி. தொகை வேறுபட்டால் பிழை இருப்பது உறுதி. பொருந்தினால் பிழை இல்லை என்று ஆகாது. இரண்டு பேரின் இருப்புத் தொகைகள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருந்தால் கூட்டல் அசையாமல் அப்படியே நிற்கும்.

ஆகவே ஒவ்வொரு பதிவையும், அதன் ஒவ்வொரு புலத்தையும் ஒப்பிட்டாக வேண்டும். இரு பக்கமும் ஒரே தரவுத்தள மென்பொருள் என்றால் பொறுமை இருந்தால் போதும். ஒரு பக்கம் ஆரக்கிளும் மறுபக்கம் போஸ்ட்கிரெஸும் என்று வந்துவிட்டால், “இரண்டும் ஒன்றுதான்” என்று சொல்வதே சிக்கலாகிவிடுகிறது. எந்தக் கருவியை வாங்கினாலும் அந்தச் சிக்கலை அது தீர்த்துத் தராது. எது எதற்குச் சமம் என்று புலம் புலமாக உட்கார்ந்து முடிவு செய்வது மனிதர்களின் வேலை. ஒப்பீடு நம்பத்தக்கதா என்பது அந்த முடிவுகளைப் பொறுத்தது.

காலியும் இன்மையும்

தரவுத்தளங்களிடம் வினவ உதவும் எஸ்க்யூஎல் மொழியில் ‘நல்’ என்றொரு குறி உண்டு. மதிப்பு இல்லை, அல்லது தெரியாது என்பது அதன் பொருள். ஒரு ‘நல்’ இன்னொரு ‘நல்’லுக்குச் சமமா என்று கேட்டால் தளம் ஆம் என்றும் சொல்லாது, இல்லை என்றும் சொல்லாது, தெரியாது என்றே சொல்லும். ஒரு தொலைபேசி எண் ‘நல்’லுக்குச் சமமில்லையா என்று கேட்டாலும் அதே பதில்தான். இதன் விளைவைப் பாருங்கள். இரு அட்டவணைகளையும் இணைத்து, வேறுபடும் பதிவுகளைப் பட்டியலிடும் வினவலைச் சாதாரணச் சமமின்மைக் குறியோடு எழுதுகிறோம். பழைய தளத்தில் தொலைபேசி எண் இருக்கிறது, புதிய தளத்தில் அந்த இடத்தில் ‘நல்’ இருக்கிறது என்றால், அந்தப் பதிவு பட்டியலில் வரவே வராது. தொலைந்த தரவைத் தேடுவதற்கென்றே எழுதிய வினவல், தொலைந்த தரவைத் தாண்டிப் போய்விடுகிறது. இதற்காகவே, ‘நல்’லையும் ஒரு மதிப்புபோல எடுத்துக்கொள்ளும் ‘இஸ் டிஸ்டிங்ட் ஃப்ரம்’ என்ற ஒப்பீடு போஸ்ட்கிரெஸில் உள்ளது. மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் அதற்கெனத் தனிக் குறி இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர் என்ற இன்னொன்றில் 2022 பதிப்பில்தான் இந்த வசதி வந்தது.

ஆரக்கிளில் இதற்கு மேலும் ஒரு முடிச்சு உண்டு. ஓர் எழுத்துகூட இல்லாத காலிச் சரத்தையும் (சரம் என்பது எழுத்துகளின் தொடர்) அது ‘நல்’லாகவே வைத்துக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர் மூன்றிலும் காலிச் சரம் வேறு, ‘நல்’ வேறு. ஆரக்கிளிலிருந்து வெளியேறும்போது நடுப்பெயர் இல்லாத வாடிக்கையாளர்களின் நடுப்பெயர்ப் புலம் எதுவாக மாற வேண்டும் என்ற கேள்வி எழுகிறது. பலரும் செய்வது, ஒப்பீட்டுக் கருவியில் “காலிச் சரமும் நல்லும் ஒன்று” என்று ஒரு தளர்வு விதியை எழுதிவிடுவது. உடனே வேறுபாடுகள் மறைந்து, அறிக்கை முழுவதும் பச்சையாகிவிடும்.

அதற்குப் பிறகு நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். முதற்பெயர், நடுப்பெயர், கடைசிப் பெயர் மூன்றையும் ஒட்டி முழுப்பெயர் காட்டும் ஒரு வினவல் பழைய தளத்தில் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரக்கிளில் ஒரு சரத்தோடு ‘நல்’லை ஒட்டினால் அந்தச் சரமே கிடைக்கும். போஸ்ட்கிரெஸில் அதே குறியைக் கொண்டு ஒட்டினால் மொத்தமும் ‘நல்’லாகிவிடும். நடுப்பெயர் இல்லாத அத்தனை பேருக்கும் முழுப்பெயரே இல்லாமல் கடிதம் அச்சாகும். மொத்தத் தரவையும் சிஎஸ்வி கோப்பு (புலங்களைக் காற்புள்ளியால் பிரித்து எழுதும் எழுத்துக் கோப்பு) வழியாக ஏற்றிவிட்டு, அதற்குப் பிந்தைய மாற்றங்களை வேறொரு கருவி வழியாக அனுப்பியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். போஸ்ட்கிரெஸின் சிஎஸ்வி ஏற்றம், மேற்கோள் குறி இல்லாத வெற்றிடத்தை ‘நல்’ என்றும், மேற்கோளுக்குள் இருக்கும் வெற்றிடத்தைக் காலிச் சரம் என்றும் எடுத்துக்கொள்ளும். ஒரே புலத்தில் பாதிப் பதிவுகள் ஒருவிதமாகவும் மீதி வேறுவிதமாகவும் நிற்கும். தளர்வு விதி இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் இதைப் பார்க்காதே என்றுதான் அதற்குச் சொல்லியிருக்கிறோம்.

ஒப்பீட்டில் நான் மிகவும் அஞ்சுவது இதற்குத்தான். விதியே இல்லாமல் ஒப்பிட்டால் லட்சக்கணக்கான போலி வேறுபாடுகள் கொட்டி, உண்மையான பிழையை மூழ்கடித்துவிடும். தாராளமாக விதி எழுதினால் உண்மையான பிழையும் விதிக்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரு மில்லிநொடி

நேரப் புலங்கள் அளவுக்கு வேறு எதுவும் வேறுபாடுகளைக் கொட்டுவதில்லை. எஸ்க்யூஎல் சர்வரின் பழைய ‘டேட்டைம்’ வகையில் மில்லிநொடியின் கடைசி இலக்கம் 0, 3, 7 ஆகிய மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். 10:15:30.125 என்று எழுதினால் 10:15:30.127 என்று சேமிக்கப்படும். 2008 பதிப்பில் வந்த ‘டேட்டைம்2’ 100 நானோநொடி வரை பிரித்தறியும். போஸ்ட்கிரெஸ் மைக்ரோநொடி வரை போகும். ஆரக்கிளின் ‘டைம்ஸ்டாம்ப்’ நொடிக்குக் கீழே 9 இலக்கங்கள் வரை கொள்ளும். மைஎஸ்க்யூஎல்லில் 5.6.4 பதிப்புக்கு முன்பு நொடியின் பின்னத்தைச் சேமிக்கவே வழியில்லை. இப்போதும் துல்லியம் குறிப்பிடாமல் ‘டேட்டைம்’ என்று மட்டும் அறிவித்தால் பின்னம் அருகிலுள்ள முழு நொடிக்கு வட்டமாகிவிடும்.

நான் பங்கேற்ற ஓர் இடமாற்றத்தில் பழைய ‘டேட்டைம்’ வகைதான் இலக்காக இருந்தது. முதல் ஒப்பீட்டில் பத்தில் ஏழு பதிவுகள் வேறுபட்டன; காரணம் உடனே புரிந்தது. “2 மில்லிநொடி வரை வேறுபாடு இருந்தால் சமம்” என்று விதி எழுதினோம். அத்தனையும் மறைந்தன. சில நாள் கழித்துக் கணக்குப் பிரிவிலிருந்து கேள்வி வந்தது: ஒரு மாதத்தின் மொத்தம் சற்றுக் குறைகிறது, அடுத்த மாதத்தின் மொத்தம் அதே அளவு கூடுகிறது, ஏன்? மாதக் கடைசி நாள் இரவு 23:59:59.999க்குப் பதிவான ஒரு பரிவர்த்தனை, வட்டமானபோது மறுநாள் 00:00:00.000 ஆகிவிட்டிருந்தது. வேறுபாடு ஒரே ஒரு மில்லிநொடி. எங்கள் விதிக்கு உட்பட்டதுதான். ஆனால் அந்த ஒரு மில்லிநொடி ஒரு மாதத்தையே தாண்டிவிட்டது. அன்றிலிருந்து நேரத்துக்குத் தளர்வு தரும் விதி ஒவ்வொன்றிலும் இன்னொரு நிபந்தனையும் சேர்த்து எழுதுகிறேன்: தேதிப் பகுதி வேறுபட்டால் தளர்வு செல்லாது.

பெயரை வைத்து ஏமாறுவதும் இங்கே சகஜம். ஆரக்கிளின் ‘டேட்’ வகை தேதியோடு மணி, நிமிடம், நொடியையும் வைத்திருக்கும். போஸ்ட்கிரெஸின் ‘டேட்’டில் தேதி மட்டுமே. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று நேருக்கு நேர் பொருத்தினால் நேரம் முழுவதும் உதிர்ந்துவிடும். நேர மண்டலம் இல்லாமல் சேமித்த உள்ளூர் நேரமும் தொல்லைதான். கோடைகால நேரம் முடிந்து கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் இரவில் ஒரே மணி இரண்டு முறை வரும். பதிவு எந்த மணியைச் சேர்ந்தது என்று தரவை வைத்து மட்டும் சொல்லவே முடியாது.

நாட்காட்டி பற்றியும் ஒரு வார்த்தை. ஆரக்கிளில் 1582 அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. அதற்கு முந்தைய தேதிகள் ஜூலியன் கணக்கு. போஸ்ட்கிரெஸ் கிரிகோரியன் கணக்கையே பின்னோக்கி நீட்டிக்கொண்டு போகிறது. அவ்வளவு பழைய தேதி யாரிடம் இருக்கப்போகிறது என்று நினைக்க வேண்டாம். தேதி தெரியாத இடத்தில் 1ஆம் ஆண்டு ஜனவரி 1 என்று நிரப்பி வைக்கும் பழக்கம் பல பழைய செயலிகளில் உண்டு. அந்தத் தேதியை எழுத்தாக அனுப்பாமல் நாள்களின் எண்ணிக்கையாக மாற்றி அனுப்பும் கருவியில் அது இரண்டு நாள் நகர்ந்துவிடும்.

எண்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பின்னங்களைத் தோராயமாகவே வைத்துக்கொள்ளும் மிதவைப் புள்ளி வகையில் பணத்தைச் சேமிக்கக் கூடாது. 0.1ஐயும் 0.2ஐயும் அந்த வகையில் கூட்டினால் 0.30000000000000004 வரும் என்பது பலரும் அறிந்தது. அதைவிட ஒப்பீட்டுக்குப் பெரிய தொல்லை, கூட்டும் வரிசை மாறினாலே கடைசி இலக்கங்கள் மாறுவது. அதே தளத்தில் அதே வினவலை இரண்டு முறை இணையோட்டமாக ஓட்டினாலும் விடை சற்று வேறுபடலாம். தசம வகைகளில் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் 10.5 என்று ஒரு தளமும் 10.50 என்று மற்றத் தளமும் எழுதிக் காட்டினால், மதிப்பு ஒன்றாக இருந்தும் எழுத்தாக ஒப்பிடும்போது இரண்டாகிவிடும்.

‘கோ’வை எழுத இரண்டு வழி

எழுத்துகளின் கதை தமிழ்த் தரவைக் கையாள்பவர்களுக்கு மிக நெருக்கமானது. ‘கோமதி’ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். யூனிகோடில் ஓகாரக் குறிக்கென்று ஒரே குறியெண் உண்டு. அதையே ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டு குறியெண்களாகப் பிரித்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். முதல் வழியில் ‘கோமதி’ 5 குறியெண்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 15 பைட். இரண்டாம் வழியில் 6 குறியெண்கள், 18 பைட். பைட் பைட்டாக ஒப்பிட்டால் இவை இரண்டு வேறு பெயர்கள். இடையில் எந்தக் கருவியாவது எழுத்தைச் சீர்படுத்தி அனுப்பியிருந்தால் வேறுபாட்டுப் பட்டியல் ஓகார, ஒகார, ஔகாரப் பெயர்களால் நிரம்பிவிடும். பட்டியலைப் பார்ப்பவருக்கு இரு பக்கமும் ஒன்றாகவே தெரிவதால், கருவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்.

இவ்விரண்டும் சமம் என்று யூனிகோட் தரமே சொல்கிறது. அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையையும் அது வகுத்திருக்கிறது. போஸ்ட்கிரெஸில் 13ஆம் பதிப்பிலிருந்து அதற்கான செயற்கூறு உள்ளேயே கிடைக்கிறது. எனவே ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் சீர்படுத்துவது நியாயமான விதி. ஆனால் எல்லை எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும். ‘ஔவை’ என்பதை ஔ என்ற தனியெழுத்தால் எழுதியவர்களும் உண்டு. ஒ, ள என்ற இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்துத் தட்டியவர்களும் உண்டு. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. யூனிகோட் இவ்விரண்டையும் சமமாகக் கருதுவதில்லை. எந்தச் சீர்படுத்தலும் இவற்றை ஒன்றாக்காது. பழைய தளத்தில் ஒரு வடிவமும் புதிய தளத்தில் மற்றொன்றும் இருந்தால், வழியில் யாரோ தரவைத் திருத்தியிருக்கிறார்கள் என்று பொருள். நல்ல நோக்கத்தில் செய்த திருத்தமாகவே இருந்தாலும் அறிக்கையில் அது வேறுபாடாக வந்தே ஆக வேண்டும்.

மைஎஸ்க்யூஎல்லில் நெடுங்காலம் ‘யூடிஎஃப்8’ என்ற பெயரில் இருந்த எழுத்துத் தொகுதி ஒரு குறியெண்ணுக்கு 3 பைட் வரைதான் கொள்ளும். தமிழின் வழக்கமான எழுத்துகள் அதற்குள் அடங்கிவிடும். எமோஜிக்கு 4 பைட் வேண்டும். 2019இல் யூனிகோடின் 12ஆம் பதிப்பில் சேர்ந்த தமிழின் பழைய பின்ன எண் குறிகளுக்கும் 4 பைட் வேண்டும். பொருந்தாத தரவை ஏற்க மறுக்கும் கண்டிப்பு முறை அணைக்கப்பட்டிருந்த பழைய அமைப்புகளில் அப்படி ஓர் எழுத்து வந்த இடத்தோடு மீதி வாக்கியம் துண்டிக்கப்பட்டு, எச்சரிக்கை மட்டும் பதிவாகும். இத்தகைய சேதத்தைப் பிடிப்பதற்குத்தான் ஒப்பீடே. நீளத்தைத் தனியே ஒப்பிட்டாலே இது அகப்பட்டுவிடும். பைட்டில் அளக்கிறோமா, குறியெண்ணில் அளக்கிறோமா என்பதை மட்டும் இரு பக்கமும் ஒன்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கோடிக்கணக்கில் ஒப்பிடுவது

விதிகள் தயாரானதும் அளவு பற்றிய கேள்வி வருகிறது. 100 கோடிப் பதிவுகளை வலையமைப்பு வழியாக இழுத்து வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது கட்டுப்படியாகாது. இதற்கு நல்ல வழி, ஒவ்வொரு தளமும் தன் இடத்திலேயே ஹாஷ் (தரவிலிருந்து பெறும், கைரேகை போன்ற ஒரு சிறிய எண்) கணக்கிட்டு, விடையை மட்டும் அனுப்புவது. முதன்மைச் சாவியின் (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் புலத்தின்) வரிசையில் அட்டவணையை 1,000 துண்டுகளாகப் பிரித்தால் துண்டுக்கு 10 லட்சம் பதிவுகள். இரு பக்க ஹாஷ்களையும் ஒப்பிடுகிறோம். ஒரு துண்டு மட்டும் வேறுபடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை மீண்டும் 1,000 ஆகப் பிரித்தால் துண்டுக்கு 1,000 பதிவுகள். அவற்றில் வேறுபடும் ஒன்றை மட்டும் அப்படியே கொண்டுவந்து பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் வந்தவை 3,000 வரிகள்தான். ரால்ஃப் மெர்க்கல் 1979இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹாஷ் மரத்தின் கருத்தும் இதுவே. கசாண்ட்ரா என்ற தரவுத்தளம் தன் நகல்களுக்கு இடையிலான வேறுபாடுகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்கு அந்த மரத்தையே பயன்படுத்துகிறது.

வேறுபாடுகள் அரிதாக இருக்கும்போதுதான் இந்த வழி கைகொடுக்கும். 10.5க்கும் 10.50க்கும் இடையிலான வேற்றுமை மாதிரி ஒன்று எல்லாப் பதிவுகளிலும் இருந்தால் எல்லாத் துண்டுகளும் வேறுபட்டு, பிரிப்பதற்கே அர்த்தமில்லாமல் போகும். அதனால்தான் முதலில் ஒரு பத்தாயிரம் பதிவுகளை மட்டும் நேரடியாக ஒப்பிட்டு விதிகளை எழுதி முடித்துவிட்டு, பிறகே ஹாஷுக்குப் போகச் சொல்வேன். இந்த முதற்படியைத் தவிர்த்துவிட்டு நேராகக் கருவியை ஓட்டியவர்கள் வாரக்கணக்கில் அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

ஹாஷ் கணக்கிடும்போது சறுக்கும் இடங்கள் சில. புலங்களைப் பிரிப்பானில்லாமல் ஒட்டினால், 12ம் 3ம் ஒட்டி வரும் 123க்கும், 1ம் 23ம் ஒட்டி வரும் 123க்கும் வேறுபாடு தெரியாது. பதிவு ஹாஷ்களை எக்ஸ்ஓஆர் முறையில் (இரண்டு பிட்டுகள் ஒன்றானால் 0, வேறானால் 1 என்று எடுக்கும் முறையில்) ஒன்றுசேர்த்தால், ஒரே பதிவு இரண்டு முறை வரும்போது இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அவை இருப்பதும் இல்லாததும் ஒன்றாகிவிடும். எனவே கூட்டலைப் பயன்படுத்தி, எண்ணிக்கையையும் உடன் அனுப்புவது நல்லது. ஆரக்கிளின் ‘மைனஸ்’, மற்றத் தளங்களின் ‘எக்செப்ட்’ போன்றவையும் இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கிவிட்டுத்தான் ஒப்பிடுகின்றன. ஒரு பக்கம் 3 பிரதிகளும் மறுபக்கம் ஒன்றும் இருந்தால் வேறுபாடில்லை என்றே சொல்லும்.

இரு பக்கத்தையும் வரிசைப்படுத்தி, இரண்டு விரல்களை வைத்துப் படிப்பதுபோல ஒரே நேரத்தில் கீழே இறங்கிப் போகும் முறையும் உண்டு. இதில் ஆபத்து வரிசையிலேயே இருக்கிறது. ஏறுவரிசையில் ஆரக்கிளும் போஸ்ட்கிரெஸும் ‘நல்’லைக் கடைசியில் வைக்கின்றன, எஸ்க்யூஎல் சர்வரும் மைஎஸ்க்யூஎல்லும் முதலில் வைக்கின்றன. எப்சிடிக் எழுத்துத் தொகுதியைப் பயன்படுத்தும் மெயின்ஃபிரேமில் எழுத்துகளுக்குப் பிறகே எண்கள் வரும். தளம் மாறாவிட்டாலும் வரிசை மாறலாம். 2018இல் வெளிவந்த, லினக்ஸின் அடிப்படை நிரலகமான ஜிலிப்சியின் 2.28 பதிப்பு எழுத்து வரிசை விதிகளை மாற்றியது. அதை நம்பியிருந்த போஸ்ட்கிரெஸ் குறியீட்டு அட்டவணைகளை (தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ்களை)ப் பலர் மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. வரிசை ஓரிடத்தில் பிசகினால் அந்த இடத்திலிருந்து பதிவுகள் இல்லை, கூடுதல் என்று மாறி மாறி வேறுபாடுகள் கொட்டும். முடிந்தால் எண் சாவியைக் கொண்டு வரிசைப்படுத்த வேண்டும். எழுத்துச் சாவிதான் இருக்கிறது என்றால் பைட் மதிப்பைக் கொண்டு வரிசைப்படுத்த வேண்டும்.

இன்னொரு கேள்வி நேரம் சார்ந்தது. பழைய தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதிய தளத்துக்கு மாற்றங்கள் போய்க்கொண்டிருந்தால், எந்தக் கணத்தை ஒப்பிடுகிறோம்? ஆரக்கிளில் குறிப்பிட்ட மாற்ற எண் வரையிலான நிலையைக் கேட்டுப் பெறலாம்; போஸ்ட்கிரெஸில் ஸ்னாப்ஷாட்டை (ஒரு கணத்தில் தரவு இருந்த நிலையை) ஏற்றுமதி செய்து பல இணைப்புகளில் ஒரே நிலையைப் படிக்கலாம். ஆனால் இரு வேறு தளங்களின் கடிகாரங்களை வைத்து ஒரே கணத்தைப் பிடிக்க முடியாது. எழுத்தை நிறுத்திவைத்து ஒப்பிடும் வாய்ப்பு இருந்தால் அதுவே சிறந்தது. இல்லாவிட்டால் முதல் சுற்றில் வேறுபட்ட சாவிகளைக் குறித்து வைத்து, சில நிமிடங்கள் கழித்து அவற்றை மட்டும் மறுபடி ஒப்பிடலாம். போக்குவரத்துத் தாமதத்தால் வேறுபட்டவை அதற்குள் சமமாகியிருக்கும். மூன்றாவது சுற்றிலும் நிற்பவைதான் ஆராய வேண்டியவை.

இப்போது நான் தயாரிக்கும் ஒப்பீட்டு அறிக்கையில் வேறுபாடுகளின் பட்டியலோடு இன்னோர் அட்டவணையும் இருக்கும். எந்தத் தளர்வு விதி, எந்தப் புலத்தில், எத்தனை பதிவுகளைச் சமமாக்கியது, அந்த விதிக்கு ஒப்புதல் தந்தவர் யார் என்று அதில் எழுதியிருக்கும். ஒவ்வொரு நாளும் நான் முதலில் படிப்பது அதைத்தான். எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வால் இடைவெளிகளைப் புறக்கணிக்கும் விதி நேற்று 212 பதிவுகளைச் சமமாக்கியிருக்கிறது, இன்று 9,040 பதிவுகளைச் சமமாக்கியிருக்கிறது என்றால், வேறுபாட்டுப் பட்டியல் காலியாக இருந்தாலும் அந்த 9,040 பதிவுகளிலிருந்து பத்தை எடுத்து, பைட் பைட்டாக விரித்துப் பார்க்க உட்கார்ந்துவிடுவேன்.